வாய் வைத்த தண்ணீர்

எங்கள் கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டு படிப்பேன், அதோடு சரி. பில் போடும் ரேவதி எழுதிக்கொள்கிறாள். நான் பேச்சை எங்கெங்கோ கொண்டுபோகிற ஆள்; முடிந்தவரை இழுத்துப் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஆட்களின் பெயரை மாற்றித்தான் சொல்கிறேன்.

1. முதல் நாள்

துணி மில்லை மூடிய பிறகு நான் பார்க்காத வேலை கிடையாது. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் உடைத்தேன். லாஸ்பேட்டையில் ஒரு அபார்ட்மென்டுக்கு வாட்ச்மேனாக இருந்தேன். அங்கே குடியிருந்த பாஸ்கர்தான் காந்தி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இந்தக் கடையைப் போட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். மலையேறப் போகிறவர்களுக்கு வேண்டிய பை, ஷூ, கூடாரம், கயிறு, தண்ணீர் பாட்டில் எல்லாம் விற்கிற கடை. காலாப்பட்டு யுனிவர்சிட்டியில் படிக்கிற பிள்ளைகளும் லாஸ்பேட்டை கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் ஆட்களும்தான் அதிகம் வருவார்கள்.

முதல் நாள் என்னைப் பாட்டில் பக்கம் நிறுத்திவிட்டு பாஸ்கர் கேட்டார்.

"பெரியவரே, பாட்டில் வாங்க வர்றவரு மொதல்ல என்னா கேப்பாரு?"

"வெலதான்."

"இல்ல. லீக் ஆவுமான்னு கேப்பாரு. ஆவாதுன்னு வாயால சொல்லாதீங்க. காட்டுங்க."

ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடியைத் திருகி, அன்றைய பேப்பரை விரித்து அதன்மேல் படுக்க வைத்தார். "காப்பி குடிச்சுட்டு வந்து பேப்பரப் பாப்போம்" என்றார். குடித்துவிட்டு வந்து பார்த்தோம். சினிமா விளம்பரம் முழுக்க நனைந்து கிடந்தது. "இந்த லாட்ட கம்பெனிக்கே திருப்பி அனுப்பணும்" என்று அவரே எடுத்து ஓரமாக வைத்தார். அந்தப் பழக்கத்தை நாங்கள் இன்றைக்கும் விடவில்லை.

ஒன்றொன்றாகக் கற்றுக்கொண்டேன். அகல வாய் பாட்டில் கழுவ சுலபம், ஆனால் நடந்துகொண்டே குடித்தால் சட்டையில் கொட்டும். குறுகிய வாய் கொட்டாது, ஆனால் உள்ளே பாசி பிடித்தால் கை போகாது. இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் ஜில்லென்றே இருக்கும், ஆனால் காலி பாட்டிலே கனம். பிளாஸ்டிக் என்றால் வெந்நீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு, திறந்து மோந்து பார்க்க வேண்டும். வாடை வந்தால் விற்கக்கூடாது.

பிறகு அந்தப் பை. அட்டையில் ஹைட்ரேஷன் பிளாடர் என்று போட்டிருக்கும், நாங்கள் தண்ணிப்பை என்போம். முதுகுப் பைக்குள் வைத்துவிட்டால் ஒரு ட்யூப் தோள் வழியாக முன்னால் வரும். நுனியில் ஒரு வால்வு. அதைக் கடித்து உறிஞ்ச வேண்டும். நிற்காமல் நடக்கலாம், இரண்டு கையும் பாறையைப் பிடிக்க சும்மா இருக்கும். மலை ஏறுகிறவனுக்கு அது பெரிய சௌகரியம்.

எனக்கு மட்டும் அதைப் பார்த்தால் ஒரு மாதிரி இருந்தது. மில்லில் எங்கள் தறிக்கூடத்து மூலையில் ஒரு பானையும் சங்கிலி போட்ட ஒரு டம்ளரும் இருக்கும். அத்தனை பேருக்கும் அது ஒன்றுதான். அண்ணாந்து தூக்கிக் குடிக்கணும். புதிதாகச் சேர்ந்தவன் மூக்கில் ஏறி இருமினால் கூடமே சிரிக்கும். வாய் வைத்துவிட்டான் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். டம்ளரைச் சங்கிலியிலிருந்து கழற்றி எடுத்துப் போய்த் தேய்த்துக் கொண்டு வர வேண்டும். அப்படிப் பழகிய ஆள் நான். ஆனால் கடையில் நின்றால் கடையில் இருக்கிறதை விற்கத்தானே வேண்டும்.

2. சொல்தா கேட்ட கூர்த்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்று சொல்வோம். அப்படி ஒருவர், என்னைவிட மூத்தவர், தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

"கூர்த் இருக்குதா?"

பாஸ்கருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவர் தலையை அண்ணாந்து கட்டை விரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் பாட்டிலுக்கு அவர்கள் பட்டாளத்துப் பேர் அது. தினமும் பீச் ரோட்டில் நடக்கப் போகும்போது இடுப்பில் மாட்ட வேண்டுமாம்.

ஜிபூத்தி என்ற பாலைவன ஊரில் இருந்திருக்கிறார். "சாயங்காலம் எங்க மேலதிகாரி, சார்ஜான், வந்து எல்லார் கூர்த்தையும் ஆட்டிப் பாப்பான். காலியா இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டான். தண்ணிய மிச்சம் வச்சுத் திருப்பிக் கொண்டாந்தான் பாரு, அவனுக்குத்தான் பனிஷ்மென்ட்."

"மிச்சம் புடிச்சவனுக்கா?" என்றேன்.

"மிச்சம் புடிச்சவன்தான்யா மொதல்ல மயங்கி விழுவான்" என்றார்.

அலுமினியத்தில் ஒன்று எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் நான் மலைக்குப் போகிறபோது ஆட்களின் பாட்டிலைப் பார்ப்பதோடு, திரும்பி வருகிறபோதும் பார்க்க ஆரம்பித்தேன்.

3. நிறைந்தே திரும்பிய பாட்டில்கள்

மாதம் ஒரு தடவை பாஸ்கர் ஒரு வேன் பிடித்து ஆட்களைச் செஞ்சிக்கோட்டைக்கோ பர்வதமலைக்கோ கூட்டிப்போவார். அவர் முன்னால் நடப்பார். நான் கடைசி ஆள். கடைசி ஆள் என்றால் எல்லாருக்கும் பின்னால் வருகிறவன்; எனக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக்கூடாது. மெதுவாக நடக்கிறவனுக்குத் தோதான வேலை.

இறங்கி வந்ததும் வேன் பக்கத்தில் எல்லாரும் பாட்டிலில் மிச்சம் இருப்பதைக் கீழே கொட்டுவார்கள். ஆம்பிளைகள் பாட்டிலில் கொட்ட ஒன்றும் இருக்காது. பொம்பளைகள் பாட்டிலிலிருந்து கொடகொடவென்று வரும். ஒரு தடவை ஆபீஸ் வேலை பார்க்கிற அம்மா ஒருவரிடம் கேட்டே விட்டேன்.

"ஏம்மா, இத்தினியும் சொமந்துட்டுப் போய் சொமந்துட்டு வந்தியா? குடிக்கறதுதானே?"

"குடிச்சா அப்புறம் எங்க போறது பெரியவரே? உங்களுக்கு ஒரு மரம் போதும்."

அன்றைக்கே பாஸ்கரிடம் சொன்னேன். அடிவாரத்தில் கழிவறை இருக்கிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்த ஏற்பாடு செய்தார். மேலே ஏறிவிட்டால் அதற்கும் வழியில்லை.

4. பர்வதமலை

ஏழுமலை கரண்டு ஆபீசில் லைன்மேன். கடைக்கு வந்தபோது அவரோடு மாமியார் தனலட்சுமி அம்மா வந்திருந்தார். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமம். முன்பு நடவுக்குப் போனவர், இப்போது டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. வீட்டுக்காரர் இல்லை, ஆண் பிள்ளை இல்லை, ஒரே பெண் கோமதி. அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று தாய் பர்வதமலைக்கு வேண்டிக்கொண்டார். செருப்பில்லாமல் தன் காலால் ஏறி, உச்சிக் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும். துணைக்கு மாப்பிள்ளை.

ஏழுமலை கடைக்குள் நின்றார். அந்தம்மா படியிலேயே, முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் குடும்பத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் அப்படித்தான். நடுவில் ஒரு ஆள் வேண்டும். அன்றைக்கு அது நான்.

பாஸ்கர் தண்ணிப்பையை மாட்டிக் காட்டினார். "குடிச்சு முடிச்சதும் ஒரு ஊது ஊதி விட்ருங்க சார். ட்யூப்ல நிக்கற தண்ணி பைக்கே திரும்பிப் போயிடும். இல்லாட்டி வெயில்ல அந்தத் தண்ணி டீ மாதிரி சுடும்."

ஏழுமலை அங்கேயே உறிஞ்சி, ஊதிப் பார்த்தார். பைக்குள் குமிழி வந்தது.

"பெரியவரே, அத்தைக்கும் ஒண்ணு வேணுமான்னு கேளுங்க."

நான் கேட்பதற்கு முன்னாலேயே படியிலிருந்து பதில் வந்தது, என்னைப் பார்த்து. "எனக்கு வாணாம்ப்பா. வீட்ல பாட்டில் இருக்குது. இது என்னா, கொழந்தைக்குப் பால் குடுக்கறாப்ல."

எல்லாரும் சிரித்தோம். ஏழுமலையும் சிரித்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பாஸ்கரின் வேனில் நாங்கள் மலைக்குப் போனது ஒரு வேலை நாள். மலையில் கூட்டம் இல்லை. அடிவாரத்தில் மோர் விற்கிறவர் இருந்தார். மேலே இருக்கிற கடைக் கொட்டாய்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. அந்தம்மா வெறுங்காலோடு நிதானமாக ஏறினார். தண்ணீர் பாட்டிலும் தேங்காயும் வாழைப்பழமும் ஒரு மஞ்சள் பையில். பாட்டிலைத் திறந்து நான் பார்க்கவே இல்லை. "ரெண்டு மடக்கு குடிம்மா" என்றேன். "போவப் போவ பாத்துக்கலாம்ப்பா" என்றார். எனக்குக் காரணம் தெரியும், மாப்பிள்ளை கூட வருகிறபோது காரணத்தைப் பேச முடியாது என்பதும் தெரியும்.

களைத்தாலும் உட்கார மாட்டார். மாப்பிள்ளை நிற்கும்போது மாமியார் எப்படி உட்காருவது? அதைப் புரிந்துகொண்டு ஏழுமலை பத்தடி முன்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் இவர் உட்காருவார். ஏழுமலை அங்கே நின்றபடி குடிப்பார், ஊதுவார். பார்க்க எனக்கே நன்றாகத்தான் இருந்தது, ஒருவருக்கொருவர் இத்தனை மரியாதை.

படிகள் முடிந்து பாறைப் பாதை தொடங்குகிற இடத்தில் குரங்கு வந்தது. வாழைப்பழ வாடைக்குத்தான். மஞ்சள் பையை இழுத்தது, அந்தம்மா விடவில்லை, பை கிழிந்து தேங்காயும் பாட்டிலும் சரிவில் உருண்டு போயின. தேங்காய் போனதுக்குத்தான் அழுதார். பாட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தேங்கா மேல பூசாரிகிட்ட கெடைக்குமான்னு பாக்கலாம், வாங்கன்னு சொல்லுங்க" என்றார் ஏழுமலை என்னிடம். ஏறினோம்.

பாஸ்கரும் மற்றவர்களும் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். வெயில் பாறையிலிருந்து திருப்பி அடித்தது. கடப்பாறைகளை அடித்துச் சங்கிலி கட்டியிருக்கிற செங்குத்துப் பாறைக்குக் கொஞ்சம் கீழே அந்தம்மா தள்ளாடினார். என் பாட்டிலில் மிச்சம் இருந்ததை அவர் கையில் ஊற்றினேன். ஒரு மடக்கு குடித்து, மற்றதை முகத்திலும் தலையிலும் விட்டுக்கொண்டார். அதோடு என்னுடையது தீர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்படியே சரிந்து பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை எதிரிலேயே நிற்கிறார், எழுந்திருக்கவில்லை. அப்போதே எனக்குப் பயம் வந்தது. தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதிக்கிறது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. மில்லில் கோடைக்காலத்தில் இப்படி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேர்வை நின்றுபோனால் ஆபத்து.

"கோமதி, சோறு பொங்குது பாரு, அடுப்ப எறக்கு" என்றார் அந்தம்மா. அங்கே கோமதி இல்லை.

ஏழுமலை என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். "ஐயா, தண்ணி இருக்குது. பையில பாதிக்கு மேல இருக்குது. ஆனா நான் வாய் வச்சது. காத்தாலேருந்து ஊதி ஊதி விட்டிருக்கேன். அத்தைக்கு எப்டி அதக் குடுக்கறது?"

"இப்ப அதெல்லாம் பாக்கற நேரமா? கொண்டா இப்டி."

பையை வாங்கி ட்யூபை அந்தம்மா வாயருகே கொண்டுபோனேன். நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தது. ஆனால் அது எது என்று தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது மாப்பிள்ள வாய் வச்சதுப்பா. வாணாம்."

பையின் மேல்மூடியைத் திறந்து அவர் உள்ளங்கையில் ஊற்றினேன். "அதுலதான ஊதுனாரு" என்று கையை மூடிக்கொண்டார். தண்ணீர் விரல் இடுக்கில் வழிந்து பாறையில் விழுந்து காய்ந்தது. "எம் பொண்ணு வீட்ல அப்புறம் அவரு மொகத்துல எப்டி முழிப்பேன்?" என்றார். வாயை இறுக்கிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற ஆளுக்குப் பலவந்தமாகத் தண்ணீர் ஊற்றினால் புரையேறி அதுவே எமனாகிவிடும். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. செல்போனில் டவர் இல்லை. மேலேயும் கீழேயும் ஆள் சத்தம் இல்லை.

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் அப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார், மாமியார் சேலை கலைந்து கிடக்கிறதைப் பார்க்கக்கூடாது என்று. பிறகு திரும்பினார். வந்து மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தம்மா தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அந்தம்மா நிழலைக்கூட மிதித்திருக்க மாட்டார்.

"அம்மா" என்றார்.

அத்தை என்று சொல்லவில்லை.

"அம்மா. வாயத் தொற. குடி."

அந்தம்மா கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். "யாரு?"

"ஒம் புள்ளதாம்மா. வேற யாரு? புள்ள வாய் வச்சதுக்குத் தாய் பாப்பாளா? குடிம்மா நீ."

வாங்க, குடிங்க என்று என்னிடம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்த ஆள், குடி என்கிறார், நீ என்கிறார். நம் வீடுகளில் பிள்ளை கடித்து வைத்ததைத் தாய் யோசிக்காமல் வாயில் போட்டுக்கொள்வாள். அது எச்சில் கணக்கில் வராது. அந்தம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். யாரென்று தெரிந்துதான் பார்த்தாரா, தெரியாமல் பார்த்தாரா, எனக்குச் சொல்லத் தெரியாது. பல்லை இறுக்கியிருந்தது விட்டது. வாயைத் திறந்தார்.

"கடிச்சு இழும்மா. மெதுவா. மெதுவா." ஏழுமலை வால்வைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. நான் என் துண்டை நனைத்து கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். இடையில் ஒரு தரம் அந்தம்மா கையைத் தூக்கி அவர் கன்னத்தைத் தொட்டார். "நீ குடிச்சியாப்பா?" என்று கேட்டார். ஏழுமலை வால்வை மறுபடி அவர் வாயில் வைத்தார்.

மேலிருந்து நான்கைந்து பையன்கள் இறங்கி வந்தார்கள். ஒருவன் பாஸ்கரைக் கூட்டிவர ஏறினான். மற்றவர்கள் என் வேட்டியைக் கழிகளில் முடிந்து தொட்டில் மாதிரி கட்டினார்கள். நான் அரை டிராயரோடு இறங்கினேன். அடிவாரம் வரை மாற்றி மாற்றிச் சுமந்து, அங்கிருந்து வண்டியில் திருவண்ணாமலை ஆஸ்பத்திரி. டிரிப் ஏற்றினார்கள். வழியில கொஞ்சமாவது தண்ணி உள்ள போனதே, இல்லாட்டி கஷ்டம்தான் என்றார் டாக்டரம்மா.

5. ஆஸ்பத்திரியில்

மறுநாள் கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தனலட்சுமி அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். ஏழுமலை வார்டு வாசலில் நின்றார்.

"கோமதி, அத்தைக்கு இட்லி வேணுமா கஞ்சி வேணுமான்னு கேளு."

"கஞ்சியே போதும்னு சொல்லும்மா. அவர மொதல்ல சாப்புடச் சொல்லு" என்றார் அந்தம்மா, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு.

மலையில் பேசிய பேச்சை இருவருமே கீழே கொண்டுவரவில்லை.

கோமதி என் பக்கம் திரும்பினாள். "அம்மா பாட்டிலக் கொரங்கு தள்ளிட்டுதாமே தாத்தா. அப்புறம் தண்ணி ஏது?"

அந்தம்மா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். ஏழுமலை தரையைப் பார்த்தார்.

"கூட ஏறுனவங்க குடுத்தாங்கம்மா."

"யாரு?"

"ஒரு புள்ள."

"பேரு என்னான்னு கேக்கலையா நீங்க?"

"அந்த நேரத்துல எங்கம்மா கேக்கறது."

அந்தம்மா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏழுமலை கஞ்சி வாங்கப் போனார்.

கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேண்டுதல் பாக்கி இருக்கிறதே என்று தாய் சொல்லிக்கொண்டே இருந்ததால், ஏழுமலை ஒரு நாள் தேங்காயை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் தனியாக ஏறி உடைத்துவிட்டு வந்தார்.

நீங்கள் பாட்டில் பக்கம் நின்றால் இப்படிச் செய்யுங்கள். ஒரு லிட்டரா இரண்டு லிட்டரா என்பதை அப்புறம் கேட்கலாம். யாரோட போறீங்க என்று முதலில் கேளுங்கள். சிநேகிதர்கள் என்றால் எது வேண்டுமானாலும் கொடுங்கள். வீட்டு ஆட்கள், சம்பந்தி வீட்டு ஆட்கள், வயதானவர்கள், பெண்கள் என்றால் தண்ணிப்பையை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஊதிவிடச் சொல்லிக் கொடுக்கும்போதே, ஊதிய பிறகு அந்தப் பை ஒருவருக்குத்தான் என்பதையும் சொல்லுங்கள். அகல வாய் பாட்டில் ஒன்றைப் பேப்பரில் படுக்க வைத்துக் காட்டி, முதுகுப் பைக்குள் அடியில் வைக்கச் சொல்லுங்கள். அதில் யாரும் வாய் வைக்கக்கூடாது, தூக்கித்தான் குடிக்கணும். அது சுமக்கிறவருக்கு இல்லை, கூட வருகிறவருக்கு. கனம் என்பார்கள். கனம்தான். இருந்தாலும் கொடுத்து அனுப்புங்கள்.